சந்தேகத்துக்குச் சம்பளம்

என் வேலை சந்தேகப்படுவது. அதற்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். சம்பளம் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் வந்திருக்குமா என்று வங்கிக் கணக்கை நாலு தடவையாவது திறந்து பார்ப்பேன். இந்தக் குணத்துக்காகத்தான் என்னை வேலைக்கே எடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் இப்போது பொட்டு ஒட்டாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெற்றிப் பொட்டைச் சொல்லவில்லை. இது காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பொட்டு, மிளகு அளவுதான் இருக்கும். 'நம்மால் முடியுமா' என்று மனதுக்குள் ஒரு குரல் எழும்புமே, அது எழும்புவதற்கு முன்பே அதன் வாயைப் பொத்திவிடும். வந்த புதிதில் ஊரே கொண்டாடியது. திக்கிப் பேசியவர்கள் மேடை ஏறினார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், 'எனக்குப் பிடிக்கலீங்க, காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க' என்று பெண்களே முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நல்ல விஷயம்தான்.

கோளாறு பிறகுதான் தெரிந்தது. பூட்டிய பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் ஊரைவிட்டே போயிற்று. சமையல்காரர்கள் உப்புப் பார்ப்பதை நிறுத்தினார்கள். வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல ஆளே இல்லை. எல்லோரும் கையை நீட்டி வழி காட்டினார்கள், ஆளுக்கு ஒரு திசையில்.

ஆகவே அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. மக்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும், பொட்டு ஒட்டாத, இயல்பிலேயே தன்னம்பிக்கை குறைந்த ஒருவரை ஐய அலுவலராக வைத்துக்கொள்ள வேண்டும். அவர் 'எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் வேலை அங்கேயே நிற்க வேண்டும். கோட்டுமலைக்கு ரோப் கார் போடும் எங்கள் கம்பெனியில் அந்தப் பதவி எனக்கு. எனக்குப் பொட்டு ஒட்டினால் தோல் தடித்துவிடும். அல்லது தடித்துவிடுமோ என்று பயமாக இருக்கும். இரண்டில் எது என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

கம்பெனியில் என் பெயர் மிருதுளா என்பது யாருக்கும் நினைவில்லை. 'சந்தேகக் கேஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் நேரிலேயே. பொட்டு ஒட்டியவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் பேச வேண்டிய அவசியமே கிடையாது.

மாதத்துக்கு ஒருமுறை என் தன்னம்பிக்கையை அளப்பார்கள். நலப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பிரணவ், விரலில் ஒரு கிளிப்பை மாட்டி நாலைந்து கேள்விகள் கேட்பான். திரையில் எண் வரும். அது நாற்பதுக்குக் கீழே இருக்க வேண்டும்.

"முப்பத்தேழுங்க மேடம்," என்றான் அன்று, ஏதோ சர்க்கரை அளவைச் சொல்லும் டாக்டர் மாதிரி. "போன மாசம் முப்பத்தொண்ணு. ஏறிட்டே போகுது. நாப்பதைத் தொட்டா லைசென்ஸ் போயிருமுங்க."

"நான் என்னங்க பண்ணட்டும்? பிரேக்ல ஏதோ சரியில்லையோன்னு சந்தேகப்பட்டேன். பிரிச்சுப் பாத்தா நெசமாவே கோளாறு. மனசுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாயிருச்சு."

"அதைத்தான் பண்ணாதீங்கங்கறேன். யாராச்சும் உங்களைப் பாராட்டுனாங்களா?"

"கேன்டீன்ல ஒருத்தர், பரவால்லையேன்னாரு."

"பேரைச் சொல்லுங்க. மெமோ குடுத்தர்றேன்." உண்மையாகவே குறித்துக்கொண்டான். பிறகு குரலைத் தணித்துக் கேட்டான். "இந்த வாரம் உங்க சொந்தத்துல ஏதாச்சும் விசேஷம் இருக்குதுங்ளா?"

இது நாங்களாகக் கண்டுபிடித்த வைத்தியம். தன்னம்பிக்கையை ஏற்ற உலகம் முழுக்க மருந்து உண்டு, இறக்க ஒன்றும் கிடையாது. ஆனால் எனக்குக் கிருத்திகா அத்தை இருந்தார். அப்பாவின் அக்கா. அவரோடு ஒரே ஒரு பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் எட்டு மதிப்பெண் இறங்கிவிடும். பிரணவ் இதைக் கவனித்துவிட்டு, எங்கள் சொந்தத்தில் நடக்கும் காதுகுத்து, சீர், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் என்னைப் பணி நிமித்தமாகவே அனுப்பி வைத்தான். போக்குவரத்துச் செலவும் உண்டு.

அந்த வாரம் ஒரு காதுகுத்து இருந்தது. மண்டப வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டார்.

"வா கண்ணு. ஏன் இப்பிடிக் கறுத்துப் போயிட்ட? சேலை நல்லாத்தான் இருக்குது, கட்டத்தான் வரல. உன்ற தம்பியப் பாரு, எங்கியோ போயிட்டான். நீ இன்னும் கம்பியில தொங்கற வண்டிக்குக் காவல் இருக்கற. அதுல பொட்டு வேற ஒட்ட மாட்டீங்கற."

"நீங்களும்தான் ஒட்டலீங்கத்தை."

"எனக்கெதுக்கு அது? நான் யாருக்குப் பயப்படறேன்?"

சாப்பிட்டு முடிப்பதற்குள் என் மூக்கு, என் படிப்பு, நான் ரசத்தை உறிஞ்சும் விதம் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை இருபத்தொன்பது. பிரணவ் எனக்கு மிட்டாய் கொடுக்க வந்தான். பிறகு நினைவு வந்து சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். சோதனை ஓட்டத்தன்று அந்தச் சம்பவம் நடக்காமல் இருந்திருந்தால்.

ரோப் கார் பெட்டி ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேர் ஏறலாம். எடை கூடினால் உள்ளே ஒரு பெண் குரல், 'எடை அதிகம், ஒருவர் இறங்கவும்' என்று சொல்லும். யாராவது இறங்கும்வரை பெட்டி நகராது. அன்று உற்சாகத்தில் அலுவலகமே ஏறிவிட்டது. குரல் வந்தது. யாரும் அசையவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர்களைத்தான் பார்த்தார்கள். இறங்க வேண்டியது தானாக இருக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு, குரல் வாயைத் திறந்த உடனேயே என்னைத்தான் சொல்கிறது என்று பட்டது. இறங்கிவிட்டேன். குரல் மறுபடியும், 'ஒருவர் இறங்கவும்' என்றது. மறுபடியும். மறுபடியும்.

தலைமைப் பொறியாளர் தரணீஷ் எரிச்சலோடு எட்டி, எடைக் கருவியிலிருந்து குரலுக்கும் பிரேக்குக்கும் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டார். பெட்டி கிளம்பியது. திரும்பி வந்ததும் போய்க் கேட்டேன்.

"சார், அதைத் திரும்ப மாட்டிருவீங்கல்ல?"

"எதுக்குங்க? அது கத்துனா ஒருத்தரும் எறங்கப் போறதில்ல. பின்னால கூட்டம் நிக்கும். கேபிள் தாங்கும்."

"எவ்வளவுங்க சார் தாங்கும்?"

"தேவையான அளவு," என்றார் தரணீஷ். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்கு அது போதுமான பதிலாகத்தான் இருந்தது.

நான் மலையைப் பார்த்தபடி நின்றேன். திறப்பு விழா கருப்பராயன் கோயில் பொங்கல் அன்று. குடும்பம் குடும்பமாக வருவார்கள். பொங்கல் பானை, விறகு, தேங்காய் மூட்டை, ஆட்டுக்கிடா. குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது, ஆகவே மடியில் எத்தனை குழந்தை வேண்டுமானாலும் உட்காரும். தரணீஷின் கணக்கில் மடி என்ற ஒன்றே இல்லை. எச்சரிக்கும் குரலையும் ஊமையாக்கியாயிற்று. குரல் இருந்தாலும் இறங்குவதற்கு ஒருவர் இல்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமே இல்லை.

அதுதான் சிக்கலாயிற்று.

முதலாளி கவின்குமார் கெட்டவர் இல்லை. தான் கெட்டவராக இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்க முடியாதவர், அவ்வளவுதான். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"இது உங்களுக்குச் சந்தேகமாங்க மிருதுளா, இல்ல நிச்சயமா?"

"நிச்சயமுங்க சார்."

"அடடா. அப்ப அது கருத்து. சட்டம் சந்தேகத்துக்குத்தானே? கருத்துன்னா எத்தன பேரு பக்கம்னு பாக்கணும். ஆபத்தில்லைன்னு இங்க பதினோரு பேருக்கு நிச்சயமாத் தெரியுது. ஆபத்துன்னு உங்க ஒருத்திக்குத்தான் நிச்சயமாத் தெரியுது."

"அப்ப சந்தேகம்னே வச்சுக்கோங்க சார்."

"வச்சுக்கலாமே. நாளைக்கு அளக்கறப்ப நாப்பதுக்குக் கீழ வாங்க. அங்கியே வண்டிய நிறுத்திக் கையெழுத்துப் போடறேன். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்."

விசேஷத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. அலுவலகத்திலிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, என்னைக் கொஞ்சம் திட்டுங்க."

"நான் எப்படி உன்னத் திட்டுவேன்? உனக்கு நல்லதுதான சொல்லுவேன்?"

"அந்த நல்லதையே சொல்லுங்க."

சொன்னார். குறையே வைக்கவில்லை. ஆனால் ஒரு சொல்கூட என்மீது ஒட்டவில்லை. அவர் என் நடையைப் பற்றிப் பேசும்போது, நான் பள்ளத்துக்கு மேலே கம்பியில் தொங்கும் பெட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னதுதான் காதில் விழுந்தது.

"பொங்கலன்னிக்கு நாங்கெல்லாம் உன்ற வண்டியிலதான் மலைக்குப் போறோம். உன்ற சித்தப்பா மக சௌமியா பையனுக்கு மொட்டை. மொத வண்டியே நமக்குன்னு சொல்லி வச்சிருக்குது."

போக வேண்டாம் என்றேன்; எனக்கு எதிலும் சந்தேகம்தான் என்று அவர் காதிலேயே வாங்கவில்லை. மறுநாள் என் எண் நாற்பத்தாறு. பிரணவ் கிளிப்பைக் கழற்றிவிட்டு, துக்கம் விசாரிக்கும் முகத்தோடு, "வாழ்த்துக்கள் மேடம்," என்றான். புது ஐய அலுவலரைத் தேட கம்பெனிக்குச் சட்டப்படி அவகாசம் உண்டு. அதுவரை யாரும் சந்தேகப்படாமலே வண்டி ஓடலாம்.

பொங்கலன்று காலையில் பதவி இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல், அடிவார நிலையத்துக்குப் போனேன். வாழைமரம் கட்டி மேளம் வைத்திருந்தார்கள். முதல் பெட்டியில் என் சொந்தக்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பானை ஏறியது, விறகுக் கட்டு ஏறியது, ஒவ்வொரு மடியிலும் ஒரு குழந்தை ஏறியது. இவர்களோடு படம் எடுத்துக்கொள்ளத் தரணீஷும் நாலு பொறியாளர்களும் ஏறினார்கள். பெட்டி நன்றாகவே தாழ்ந்துவிட்டது. உள்ளே எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள், காதுக்குப் பின்னால் மிளகு மிளகாகப் பொட்டு. அத்தை மட்டும் படியில் ஒரு காலை வைத்து இடம் தேடிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏறாதீங்கத்தை. கொழந்தைங்களையும் எறக்கிருங்க. இந்த வண்டி இவ்வளவு பாரம் தாங்காது."

"உனக்கென்ன தெரியும்? இஞ்சினியரே உள்ள நிக்கறாரு."

"எனக்குத் தெரியுமுங்கத்தை."

அத்தை என்னைக் கூர்ந்து பார்த்தார். "நெசமாவா?"

இந்த 'நெசமாவா' என்ற ஒரு சொல்லுக்கு நான் சின்ன வயதிலிருந்தே பயந்தவள். பரீட்சையில் முதல் மார்க் என்று ஓடிவந்து சொன்னால் 'நெசமாவா' என்பார், உதட்டை லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. உடனே எனக்கே சந்தேகம் வந்துவிடும். அன்று வரவில்லை.

"நெசமாத்தான். நிச்சயமாத் தெரியும். ஆனா நான் சொன்னா நிறுத்த மாட்டாங்க. இப்ப எனக்கு அந்த அதிகாரம் இல்ல."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பெட்டிக்குள் தலையை நீட்டினார்.

"தம்பி, நீதான் இஞ்சினியரா? எந்தூரு?"

"பல்லடமுங்க," என்றார் தரணீஷ் பெருமையாக.

"பல்லடத்துல யாரு வூடு? ஓ, தண்ணித் தொட்டி காண்ட்ராக்ட் எடுப்பாரே, அவரு பையனா? உங்கொப்பா கட்டுன தொட்டி எங்கூட்டுல இன்னிக்கும் ஒழுகுதே."

தரணீஷின் சிரிப்பு அரை நொடி நின்றது. "நான் நல்லாப் படிச்சவனுங்க. அரியரே இல்லாம பாஸ் பண்ணவன்."

"நெசமாவா?"

அவ்வளவுதான் கேட்டார். உதடு ஒரு பக்கம் இழுபட்டது. தரணீஷ் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.

"இல்லீங்க, ஒண்ணே ஒண்ணு. அது பேப்பர் திருத்தினவங்க தப்பு."

"இருக்கும், இருக்கும். மூஞ்சியப் பாத்தா கணக்குப் போட்டவனாட்டம் தெரியலயேன்னு கேட்டேன். ஏந்தம்பி, நீ? கண்ணாடி போட்ட தம்பி. நீ ஒருத்தனே ரெண்டாளு பாரம் இருப்பியாட்டம் இருக்குது. ஊட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? அந்தப் பக்கம் நிக்கறது உன்ற தங்கச்சியா? சம்சாரமா! அதான பாத்தேன்."

கண்ணாடி போட்டவர் இறங்கிவிட்டார். எதற்கு இறங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவருக்குப் பின்னால் இன்னொருவரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கினார். ஓடிவந்த கவின்குமாரை அத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க மொதலாளீங்ளா? பாத்தாத் தெரியலீங்க."

முதலாளியின் கை தானாகச் சட்டைக் காலரைச் சரிசெய்தது.

என் பக்கத்தில் நின்ற பிரணவ் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். "எப்பிடீங்க மேடம் இது? எல்லாருமே பொட்டு ஒட்டியிருக்காங்களே."

"பொட்டு நம்ம மனசுல வர்ற சந்தேகத்தைத்தான் அடக்கும்," என்றேன். "சொந்தக்காரங்க வெளிய இருந்து கொண்டாந்து போடற சந்தேகத்துக்கு யாரு மருந்து கண்டுபுடிச்சிருக்காங்க?"

அத்தை மறுபடியும் தரணீஷிடம் வந்தார். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டி தாங்குமா சாமி?"

"தாங்குமுங்க."

"நெசமாவா?"

தரணீஷ் பெட்டிக்குள் திரும்பி மடிகளைப் பார்த்தார். ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில், அவர் வாயில் நான் ஒருநாளும் கேட்டிராத சொல் வந்தது.

"ஒருவேளை..."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"ஒருவேளை, கணக்கை இன்னொருக்காப் பாத்துரலாமுங்களா சார்?"

எல்லோரையும் இறக்கினார்கள். கழற்றிய இணைப்பை மாட்டினார்கள். பானை, விறகு, ஆட்டுக்கிடாவோடு கணக்கு மறுபடியும் போடப்பட்டது. முடிந்ததும் தரணீஷ் நிலையத்தின் படியில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பெட்டி பாதி மலைவரைதான் போயிருக்கும் என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சௌமியா தன் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை. திறப்பு விழா தள்ளிப்போயிற்று. என் சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே படி வழியாக மலை ஏறினார்கள்.

அத்தைக்கு மூட்டு வலி. அவர் கீழேயே தங்கினார். பிரணவ் அவரை விடவில்லை. அவசரம் அவசரமாக நலப் பிரிவு அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, விரலில் கிளிப்பை மாட்டினான். ஏன் அளக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. இந்த அம்மாளுக்கு எண் நூறைத் தாண்டி ஓடும் என்றுதான் நான் நினைத்தேன்.

திரையில் ஒன்பது என்று வந்தது.

பிரணவ் கிளிப்பைத் துடைத்து மறுபடியும் மாட்டினான். ஒன்பது.

"இவ்வளவு கம்மியா நான் பாத்ததே இல்லீங்க," என்றான் மகிழ்ச்சி தாங்காமல். "அம்மா, உங்களுக்கு வேலை ரெடி. ஐய அலுவலர். சம்பளம், ரூம், கார் எல்லாம் உண்டு."

"என்னமோ நம்பரு சொல்றாரே, என்ன கண்ணு அது?" என்று அத்தை என்னிடம் கேட்டார்.

அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "உங்களுக்குத் தன்னம்பிக்கை ரொம்பக் கம்மின்னு சொல்றாருங்கத்தை."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தை டீயை ஒரு வாய் குடித்தார்.

"அது எனக்குத் தெரியாதா? நாலு பேரு இருக்கற எடத்துக்குப் போனாலே எனக்குக் கை நடுங்கும். நம்மள என்ன சொல்லுவாங்களோன்னு இருக்கும். அதுக்கு முந்தி நாம எதாச்சும் சொல்லிப்போட்டா, அவிங்க அவிங்களையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. நம்மளப் பாக்க மாட்டாங்க." கிளிப் மாட்டிய விரலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்பிடியே பழகிப் போச்சு."

இத்தனை வருடம் இவர் வாயைத்தான் பார்த்தேன். கையை ஒருநாளும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். டீக் கோப்பை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பிரணவ் நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கியிருந்தான். "ஒண்ணே ஒண்ணுதானுங்கம்மா. இங்க யாரும் உங்களைப் பாராட்ட மாட்டாங்க. நல்லா இருக்குதுன்னுகூடச் சொல்ல மாட்டாங்க. பரவால்லீங்களா?"

"அது பழக்கந்தான் சாமி," என்றார் அத்தை.

அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, இன்னிக்கு அந்த வண்டி நின்னது உங்களாலதான். அத்தன கொழந்தைங்களும் உசிரோட மலை ஏறிட்டிருக்குதுங்க. நீங்க என்னை நம்புனீங்க. வேற யாரும் நம்பல. உங்களாட்டம் கெட்டிக்காரிய நான் பாத்ததில்லீங்கத்தை."

"மேடம்!" என்று பிரணவ் அலறினான். "கிளிப் இன்னும் வெரல்லயே இருக்குது!"

திரையில் ஒன்பது பன்னிரண்டாகியிருந்தது. அத்தை அதைப் பார்த்தார்.

"அது ஏன் மாறுது?"

"நீங்க சந்தோஷப்பட்டா மாறுமுங்க," என்றான் பிரணவ் பதற்றமாக. "நாப்பதைத் தொட்டா வேலை போயிருமுங்கம்மா."

அத்தை திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு இன்னும் எடம் இருக்குதுல்ல," என்றார். "நீ இன்னொருக்காச் சொல்லு கண்ணு."